தெற்கே திரும்பிய வாசல்

அடுக்களைக்குள்ளிருந்து 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. எரிகிற அடுப்பில் யாரோ ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்த சத்தம்.

முன்னறையில் உட்கார்ந்திருந்த கைலாசநாதன் பிள்ளை பேச்சைப் பாதியில் நிறுத்தினார். மகனுக்குப் பெண் கேட்டு, செங்கல் என்ற ஊரிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தவர் அவர். ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணைப் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று. காப்பி வரவேண்டிய நேரத்தில் அடுக்களையிலிருந்து ஈரப் புகைதான் வந்தது.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சொர்ணம்மாள் கண்களை மூடிக்கொண்டாள். அடுப்பை அணைத்தது மகள் உமையம்மாள்தான் என்று அவளுக்குத் தெரியும். ஏன் அணைத்தாள் என்பதும் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழும் குரல் இப்போது முன்னறைவரை கேட்டது.

"ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்டார் கைலாசநாதன்.

சொர்ணம்மாளின் தம்பி சிவானந்தம் தலையாட்டினான். பிணவறையின் வாசலை இந்த இடவழிக்குத் திருப்பி வைத்த நாளிலிருந்து இதே கதிதான் என்றும், சில வாரம் இரண்டு தடவைகூட இப்படி ஆகிறது என்றும் சொன்னான்.

கைலாசநாதன் கதவுப் பக்கம் திரும்பினார். பேச்சு சொர்ணம்மாளுக்கானது.

"தங்கச்சி, பிள்ளைய நான் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். பிணம் கெடக்கையில அடுப்பில தண்ணி ஊத்தினாளே, அது நல்ல குடும்பத்துப் பிள்ளைக்க லெச்சணமாக்கும். ஆனா கல்யாணத்தன்னைக்கும் ஊத்துவாளே. எலையப் போட்டு ஊரை உக்காத்தி வச்சோண்டு நாம என்ன செய்யியது?"

 கல்யாணம் பெண் வீட்டில்தான் நடக்கவேண்டும், அது இரு குடும்பத்துக்கும் முறை. தை பிறப்பதற்குள் இதற்கு ஒரு வழி கண்டால் சொல்லி அனுப்புங்கள் என்றார் அவர். காணாவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறிப் போனார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் திட்டி ஆறுதல் அடையலாம். அவரோ வருத்தப்பட்டுக்கொண்டு போனார். தாய் மனம் அதை எப்படித் தாங்கும்!

அடுப்பு என்றால் அந்த இடவழியில் சொர்ணம்மாள்தான். காரக்கோணத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு விளைகளின் மண்மதில்களுக்கு நடுவே இறங்கும் ஒடுங்கிய பாதை அது. அதில் ஏழெட்டு வீடுகள். விடியுமுன் முதல் புகை சொர்ணம்மாளின் கூரையிலிருந்துதான் எழும்பும். மற்ற வீட்டுப் பெண்கள் சிரட்டையோடு வந்து அவளிடம் கங்கு வாங்கிப் போவார்கள். தீப்பெட்டி கடையில் கிடைத்தாலும், அவள் கைத் தீயில் சோறு நன்றாக வேகும் என்று ஒரு நம்பிக்கை.

கணவர் வேலாயுதம் பிள்ளை நெய்யாற்றின்கரை தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். மகளுக்குப் பத்து வயதாகும்போது மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். அந்தப் பக்கத்து வழக்கப்படி சொந்த விளையிலேயே தெற்கு மூலையில் சிதை அடுக்கினார்கள். சாம்பல் ஆறியதும் அந்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை நட்டார்கள். கணவர் போன வீட்டில் அடுப்பு ஒருநாளும் அணையக்கூடாது என்று சொர்ணம்மாள் வைராக்கியமாக இருந்தாள். உறவுக்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து இரு என்றபோதும் அவள் அசையவில்லை. தேங்காயும் மரச்சீனிக் கிழங்கும் விற்றே மகளை ஏழாம் வகுப்புவரை படிக்க வைத்தாள்.

அவள் விளைக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் தைவிளை ஆஸ்பத்திரி. அதன்மேல் அந்த இடவழியில் யாருக்கும் பகை கிடையாது. உமையம்மாள் தலைகீழாகத் திரும்பிக் கிடந்து பிறந்தது அங்கேதான். தாயும் பிள்ளையும் பிழைத்தது அங்கிருந்த டாக்டரம்மாவின் கைராசியால்தான். ஆனால் நோயாளிகள் பெருகப் பெருக ஆஸ்பத்திரியும் நாலு பக்கமும் கை நீட்டியது. புது வார்டு கட்டினார்கள். சாலையோரம் இருந்த பழைய பிணவறையை இடித்துவிட்டுச் சீட்டுக் கொடுக்கும் அறை வைத்தார்கள். புதுப் பிணவறை பின்பக்கத்து மூலைக்கு, சொர்ணம்மாளின் மதிலோரத்துக்கு வந்தது. வண்டி போக வசதி என்று வாசலை இடவழியில் திறந்தார்கள். அழுக்குத்துணி அலசிய தண்ணீரும் அதே வழியாக ஓடியது.

தெருவில் பிணம் கிடந்தால், அது எடுக்கப்படும்வரை அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த வீட்டில் அழுகை கேட்கும்போது நம் வீட்டில் கறி தாளிக்கும் மணம் வரலாமா என்ற மரியாதைதான் அது. வருஷத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை சாவு வரும் தெருவுக்கு அந்த மரியாதை பாரமில்லை. பிணவறை வாசல் திறக்கிற தெருவுக்கோ?

யாரோ ஒற்றசேகரமங்கலத்து மலையடிவாரத்திலிருந்து வந்து இறந்திருப்பார். சொந்தக்காரர்களுக்குத் தகவல் போய், அவர்கள் வண்டி பிடித்து வந்து சேர ஒரு பகல் ஆகிவிடும். அதுவரை அத்தனை வீட்டிலும் பட்டினி. எதிர்வீட்டு சுகிர்தபாய்க்கு மட்டும் இந்தக் கட்டு இல்லை. அவள் கிறிஸ்தவ வேதக்காரி. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவள்தான் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சித் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றுவாள். பெரியவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள். பிணம் போனதும் மதில்மேல் தலையை நீட்டி அவள்தான் குரல் கொடுப்பாள்.

"கொண்டு போயாச்சு, மூட்டுங்கோ! உங்க சாமி அடுப்பையே பாத்தோண்டு இருக்குமோ அக்கா? எங்க சாமிக்கு வேற சோலி உண்டு."

"ஒனக்க சாமிக்குப் பசிக்காது, எங்களுக்குப் பசிக்கும்லா," என்று சொல்லிக்கொண்டே சொர்ணம்மாள் ஈர விறகை ஊதுவாள்.

கைலாசநாதன் வந்து போன மறுநாளிலிருந்து அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை.

இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினான் சிவானந்தம். அங்கேதான் காரியம் கெட்டது.

அது எல்லைப் போராட்டக் காலம். திருவிதாங்கூரில் தமிழ் பேசும் தாலுகாக்கள் சென்னையோடு சேரவேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. போன வருஷம் ஆடியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போன பிறகு, பாறசாலை சந்தையில் இரண்டு பேர் சேர்ந்து நின்று பீடி பற்றவைத்தாலும் போலீஸ்காரர் திரும்பிப் பார்ப்பார். சிவானந்தம் பதினைந்து நாள் ஜெயிலில் இருந்து வந்தவன். அதற்குப் பிறகு அவன் கண்ணுக்கு எல்லாமே எல்லைதான். மழை பெய்யாவிட்டாலும் எல்லை, மாடு கறக்காவிட்டாலும் எல்லை. ஆஸ்பத்திரி மேனேஜர் கிருஷ்ணன்குட்டி மலையாளி. தமிழ் வீடுகள் இருக்கும் பக்கமாகப் பார்த்துப் பிணவறை வாசலை வைத்தது வேறு எதற்காக இருக்கும்? அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியின் புது மதிலில் சுண்ணாம்பால் ஆளுயரத்துக்கு எழுதிவிட்டான்: 'பிணம் உனக்கு, மண் எமக்கு, எல்லை வேண்டும்.'

சுகிர்தபாய் மறுநாள் செய்தி கொண்டுவந்தாள். மேனேஜர் மதிலைப் பார்த்துவிட்டு, இது அரசியல், இதில் என்னை இழுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாராம். இடவழிக்காரர்கள் யார் வந்தாலும் பார்க்க மாட்டாராம்.

சொர்ணம்மாள் தம்பியைக் கூப்பிட்டாள். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

"எலே, எனக்க அடுப்பு எரியல்லைண்ணு நான் அழுது கரையிதேன். நீ சென்னைக்கு ரயில் விடுதியா?"

"அக்கா, ஒனக்கு விவரம் தெரியாது. இது மொழிப் பிரச்சினையாக்கும்."

"செத்தவன் எந்த மொழியில செத்தாலும் இங்க அடுப்பு அணையத்தான் செய்யிது மக்கா."

சொல்லிவிட்டு அவள் தேங்காய் மட்டையும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். கணவர் போன பிறகு பகல் வெளிச்சத்தில் நாலு பேர் பார்க்கத் தெருவில் நின்றதில்லை அவள். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதிலைத் தேய்க்கத் தொடங்கினாள். 'பிணம் உனக்கு' போயிற்று. 'மண் எமக்கு' போகும்போது ரோந்து வந்த கான்ஸ்டபிள் சதாசிவன் அவளைப் பார்த்துவிட்டார்.

சுண்ணாம்பு வழியும் கை, மதிலில் மிச்சமிருக்கும் 'எல்லை வேண்டும்', பக்கத்தில் வாளி. அவருக்கு வேறென்ன தோன்றும்?

"விதவையாயிட்டும் எழுத வந்தாச்சா?" என்று அதட்டினார்.

சொர்ணம்மாள் மட்டையை வாளிக்குள் போட்டாள். கண்ணீர் வந்தது. எழுதவில்லை, அழிக்கிறேன் என்று சொல்லலாம். அப்படியானால் எழுதியது யார் என்று அடுத்த கேள்வி வரும். தம்பி மறுபடியும் ஜெயிலுக்குப் போவான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஸ்டேஷனுக்கு நட என்று கான்ஸ்டபிள் சொல்லும்போது, மதிலின் உள்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கிருஷ்ணன்குட்டி. புது வார்டின் சாரத்தில் ஏறி நின்று தச்சு வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர், நடந்ததை எல்லாம் மேலிருந்து கண்டிருந்தார். அந்த அம்மா எழுதவில்லை, காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருக்கிறாள், விட்டுவிடுங்கள் என்று கான்ஸ்டபிளிடம் மலையாளத்தில் சொன்னார். கான்ஸ்டபிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

இறங்கி வந்த கிருஷ்ணன்குட்டி மதிலில் மிச்சமிருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"சேச்சி எதுக்கு இத அழிக்கிது? உங்க ஆளுக தானே எழுதினது?"

"வீட்டுக்கு வாங்கோ சாரே. ரோட்டில வச்சு சொல்லமுடியாது."

அவர் வந்தார். சிவானந்தம் பின்கட்டில் போய் ஒளிந்துகொண்டான். நாற்காலியில் உட்கார்ந்த கிருஷ்ணன்குட்டி வெகுநேரமாகச் சாரத்தில் நின்ற களைப்பில், சேச்சி, ஒரு காப்பி கிட்டுமா என்று அவராகவே கேட்டார். வீட்டுக்கு வந்த மனிதர் வாய்விட்டுக் கேட்கிறார். சொர்ணம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுப்பு அணைஞ்சு கெடக்கு சாரே. விடியக்காலம் உங்க பிணவறையில ஒரு பிள்ளை வந்திருக்குல்லா. அது போவாம இந்த எடவழியில யாரும் தீ வைக்கமாட்டோம்."

கிருஷ்ணன்குட்டி எழுந்து நின்றுவிட்டார்.

அவர் வீடும் அப்படித்தான். அவர் பூர்வீகத் தறவாட்டிலும் அயல்வீட்டில் சவம் இருந்தால் அடுப்பில் தீ கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள் அவர் பதினாறு வருஷமாக இருக்கிறார். அங்கே தினமும் சாவு உண்டு, சமையல்கட்டும் தினமும் எரியும். நோயாளிக்குக் கஞ்சி வேண்டுமே! அந்தப் பழக்கத்தில், மதிலுக்கு வெளியே வீடுகள் இருக்கின்றன, அவற்றில் அடுப்புகள் இருக்கின்றன என்பதே மறந்துபோயிற்று. வாசலை வரைந்தபோது வண்டியின் அகலத்தை அளந்தார். அடுப்பை யார் அளந்தார்கள்?

"சத்தியமாட்டு எனக்குத் தெரியாது, அறிஞ்சூடாயிருந்நு சேச்சி," என்றார். "இத்தற வீட்டுக்காரும் பட்டினியா?"

பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிக்காமல் போன கதையையும் சொர்ணம்மாள் சொன்னாள். அவர் கால்சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவரே வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தார். துணி அலசும் தண்ணீருக்கு ஒரு குழி வெட்டி உள்பக்கமே திருப்பிவிடலாம், அது கஷ்டமில்லை. பிணவறை வாசலையும் தெற்கே திருப்பலாம். வாசல் எங்கே திறக்கிறதோ அந்தத் தெருவுக்குத்தான் பிணம் சொந்தம். இதில் இடவழிக்காரர்களுக்கும் சந்தேகமில்லை. தெற்கே கால்வாயோரமாக வீடில்லாத சாலை ஒன்று உண்டு. ஆனால் அந்தச் சாலைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி மண்ணின் கடைசியில் ஒரு பாறை துருத்திக்கொண்டு நின்றது. வண்டி அதைச் சுற்றிப் போகவேண்டுமானால் சொர்ணம்மாளின் விளையின் தெற்கு மூலை வேண்டும். அந்த மூலையில்தான் வேலாயுதம் பிள்ளையின் தென்னை நின்றது.

கிருஷ்ணன்குட்டி அந்தத் தென்னையைப் பார்த்தார். அதன் அடியில் வைத்திருந்த அகல்விளக்கையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

சொர்ணம்மாள் அன்று முழுவதும் தென்னையடியில் உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம்தான் அது முதல் பாளை விட்டிருந்தது. இத்தனை வருஷம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். மழை நாளில் ஓலை கீறும் சத்தம் கேட்டால் அவர் தொண்டையைச் செருமுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். பக்கத்தில் போய் நின்றாலே மனசு லேசாகிவிடும். இதை வெட்டக் கொடுத்தால் அவரை இரண்டாவது தடவை எரித்ததுபோல் ஆகாதா? கொடுக்காவிட்டால் அவர் மகளின் கல்யாண மணையில் தண்ணீர் ஊற்றியது நான்தானே?

உமையம்மாள் வந்து அம்மாவின் தோளில் கை வைத்தாள். எனக்குக் கல்யாணம் வேண்டாம் அம்மா, அப்பா இங்கேயே நிற்கட்டும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை, முடிவே செய்துவிட்டிருந்தாள். அது நடுங்கியிருந்தால் சொர்ணம்மாள் ஒருவேளை இன்னும் ஒருநாள் யோசித்திருப்பாள்.

"ஒனக்க அப்பா உயிரோட இருந்தா என்ன சொல்லியிருப்பாவ தெரியுமா? 'எடுத்துக்கோ, பிள்ளைக்க காரியம் நடக்கட்டும்'ன்னு சொல்லிட்டு வெத்தல போட்டிருப்பாவ. எழும்பு மக்கா."

மூலையை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சுகிர்தபாயிடம் சொல்லி அனுப்பினாள். எழுதிக் கொடுத்த மண் தன் மண் இல்லை, ஆகையால் பிணம் தன் விளையில் போவதாகவும் ஆகாது என்று கணக்குப் போட்டிருந்தாள். தென்னையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை.

வேலி போடும் நாள் வந்தது. அதற்கு முந்திய சில நாட்களாகத் தெற்குப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கிணறு வெட்டுகிறார்கள் என்று நினைத்து சொர்ணம்மாள் அந்தப் பக்கம் போகவில்லை. போக மனம் வரவில்லை என்பதுதான் நிஜம். அன்று காலை கடைசியாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வரலாம் என்று குடத்தோடு போனாள்.

பாறையைக் காணவில்லை. அதாவது பாதிப் பாறையைக் காணவில்லை. அதன் மேற்குத் தோள் உடைந்து, கல் எல்லாம் ஒதுக்கி அடுக்கப்பட்டிருந்தது. வேலிக்கால்கள் நேராக வந்து, தென்னைக்குப் பக்கத்தில் வந்ததும் கிழக்கே வளைந்து, மரத்தைச் சொர்ணம்மாள் பக்கமே விட்டுவிட்டு, மறுபடி நேராகப் போயின. வண்டித்தடம் உடைந்த பாறையின்மேல் போயிற்று.

கிருஷ்ணன்குட்டி கல் எண்ணுகிற ஆட்களுக்கு நடுவே நின்றிருந்தார். சொர்ணம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. பின்மதிலுக்கு எப்படியும் கல் வாங்கவேண்டியிருந்தது, இப்போது வாங்கவேண்டாம், லாபம் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் அப்பாவும் தறவாட்டின் தெற்கே ஒரு தென்னையாகத்தான் நிற்கிறார் என்பதைப் பிறகு சுகிர்தபாய்தான் சொன்னாள்.

சிவானந்தமும் வந்து வேலியைப் பார்த்தான். நெய்யாற்றின்கரை மலையாளத்தோடேயே இருக்கட்டும் என்று எல்லை பிரிக்க வந்த கமிஷன் சொல்லிவிட்ட செய்தி பத்திரிகையில் வந்திருந்த வாரம் அது. அவன் முகம் ஒரு வாரமாகத் தொங்கிப் போயிருந்தது. வளைந்த வேலிக்காலைத் தடவிப் பார்த்தான்.

"எல்லைண்ணா இப்பிடியாக்கும் போடணும்," என்றான். "கமிஷன்காரனுக்கு இந்த மேனேஜர் சாரைக் காட்ட ஆள் இல்லாம போச்சு."

கிருஷ்ணன்குட்டி சிரித்துவிட்டார். மதிலில் எழுதியது யார் என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

கார்த்திகை கடைசியில் கைலாசநாதன் பிள்ளை மறுபடி வந்தார். வழி பிறந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தாலும், தம் கண்ணால் பார்த்துத்தான் நாள் குறிப்பார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சுக்கு நடுவே தூரத்தில், தெற்கே, அழுகைக் குரல் ஒன்று கேட்டது.

அவர் நிமிர்ந்தார். அடுக்களைப் பக்கம் காதைக் கொடுத்தார். 'சொய்ங்' கேட்கவில்லை. உமையம்மாள் காப்பி டம்ளரை வட்டையில் வைத்துக் கொண்டுவந்து அவர் முன் நின்றாள். ஆவி பறந்தது.

"தெக்கே சாலை வழியாக்கும் போவுது அண்ணாச்சி," என்றாள் சொர்ணம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "எடவழிக்கு இப்பம் அந்த வாசல் இல்லை. அடைச்சுக் கல்லு கெட்டியாச்சு."

கைலாசநாதன் டம்ளரை உடனே வாயில் வைக்கவில்லை. அழுகை கடந்து போகும்வரை கையிலேயே வைத்திருந்தார். முகம் தெரியாத யாருக்கோ அந்த மரியாதை. குரல் கால்வாய்ப் பக்கம் தேய்ந்து மறைந்த பிறகு, ஆறிப்போன காப்பியை ஒரு மிடறும் மிச்சமில்லாமல் குடித்தார்.

"தை பத்துக்குப் பந்தக்கால் நட்டுருவோம் தங்கச்சி. அடுப்பு எத்தனை வேணும்ணு சொல்லி விடு, கல்லு நான் கொண்டு வாறேன்."

கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை அண்ணாச்சி, பாறையையே உடைத்து வைத்திருக்கிறோம் என்று சிவானந்தம் குறுக்கே விழுந்தான். எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் சொர்ணம்மாள் மட்டும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வில்வண்டி திரும்பி நின்றது. கைலாசநாதன் ஏறி உட்கார்ந்து, வாறேன் என்று தலையாட்டினார். மாட்டுச் சலங்கை இடவழியில் ஏறிச் சாலை முனையில் மறைந்தது. எதிர்வீட்டு மதில்மேல் சுகிர்தபாயின் தலை தெரிந்தது. என்னாச்சு என்று கண்ணாலேயே கேட்டாள். சொர்ணம்மாள் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

பின்னால் அடுக்களையில் உமையம்மாள் கடுகு தாளித்தாள். மணம் வாசல்வரை வந்தது. சொர்ணம்மாள் ஒருமுறை தெற்கே திரும்பி, தென்னை நிற்கும் பக்கம் பார்த்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.